கதவுப்பிடியில் கை வைத்த பிறகு

அமெரிக்க மலையூரான வெஸ்ட் ஹேவர்லியில் ஒடெட் பெலான்ஜே வாயை மூடிக்கொண்டிருக்கும் நாள் வருஷத்தில் ஒன்றே ஒன்றுதான். மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, ஊரே கூடித் தீர்மானங்களுக்கு ஓட்டுப் போடுகிற ஊர்க்கூட்டம் நடக்கிற நாள். அன்றைக்கு அவள்தான் தலைவி. தலைவிக்குக் கட்சி கிடையாது, கருத்து கிடையாது, முகத்தைச் சுளிக்கக்கூட உரிமை கிடையாது. யார் பேச வேண்டிய முறை என்று சொல்லலாம், மரச்சுத்தியால் மேஜையைத் தட்டலாம், அவ்வளவுதான். தபால்தலை வாங்க வந்தவரை அரைமணி நேரம் நிறுத்திவைத்துப் பேசுகிற தபால் நிலையக்காரிக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை! அவள் வாயைக் கட்ட வேறு வழியில்லாமல்தான் தலைவியாக்கினோம் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை. ஏழாவது தீர்மானம் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

தீர்மானம் எல்வுட் ஸ்டிக்னியுடையது. எல்வுடும் ஒடெட்டும் சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள். அன்றைக்கே அவன் ஜன்னலோர இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். இன்றைக்கு மாடுகளும் மேப்பிள் தோப்பும் ஆயிரத்தெட்டு அபிப்பிராயங்களும் வைத்திருக்கிறான். ஊர் கிளினிக்கை மூடிவிட்டு, அந்த அறையில் பாஸ்டன் கம்பெனி ஒன்று செய்கிற நோய் பார்க்கிற செயற்கை அறிவு இயந்திரத்தை வைத்துவிடலாம் என்பது அவன் யோசனை. இயந்திரம் லீவு கேட்காது, தூங்காது, விசா கேட்காது.

விசா என்ற அந்தக் கடைசிச் சொல்தான் ஒடெட்டைக் குத்தியது. கிளினிக்கில் இருப்பது ஒரே ஒரு டாக்டர், எஃபுவா குவான்சா. கானா நாட்டுக்காரி. வேறு எந்த டாக்டரும் எட்டிப் பார்க்காத இந்த ஊருக்கு, நாலு வருஷத்துக்கு முன்னால் துணிச் செருப்போடு பனியில் வந்து இறங்கியவள். அவளுடைய விசா இந்த வேலையோடு முடிச்சுப் போட்டது. கிளினிக் போனால் வேலை போச்சு, வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இது ஊருக்கே தெரியும், எல்வுடுக்கும் தெரியும். “அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல” என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கோபமே இல்லாமல் கழுத்தை அறுப்பது எப்படி என்று கேட்க ஒடெட்டுக்கு நாக்கு துடித்தது. கூட்டத்துக்கு வரப்போகிற தீர்மானம் பற்றித் தலைவி முன்கூட்டியே வாய் திறக்கக் கூடாது.

வியாழக்கிழமை தோறும் சாயந்திரம் எஃபுவா ஒடெட் வீட்டுக்கு வருவாள். ஓட்டை போட்ட பலகையில் முளை நகர்த்திக் கணக்கு வைத்து ஆடுகிற சீட்டாட்டம். கற்றுக்கொடுத்தது ஒடெட், இப்போது ஜெயிப்பதெல்லாம் எஃபுவா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்பது வியாழக்கிழமைகளில்தான். ஆனால் ஜனவரியில் எல்வுட் கையெழுத்துத் திரட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒருத்தி தலைவி என்பதால் பேசவில்லை, மற்றவள் கேட்கவில்லை. “எப்படி இருக்கே?” என்றால் “பரவாயில்ல” என்பாள் எஃபுவா. சீட்டைக் கலைப்பாள்.

பரவாயில்லை என்பது அந்த ஊர்ச் சொல். ஊரின் வியாதியும் அதுதான். வெஸ்ட் ஹேவர்லிக்காரர்கள் உடம்பு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் மானம் போய்விடும். டாக்டரிடம் வந்தால் மாட்டைப் பற்றிப் பேசுவார்கள், சேறு பற்றிப் பேசுவார்கள், மருமகள் வாங்கின கார் பற்றிப் பேசுவார்கள். உடம்புக்கு என்ன என்று கேட்டால் பரவாயில்லை. எல்லாம் முடிந்து, எழுந்து, கோட்டை மாட்டி, கதவுப்பிடியில் கை வைத்த பிறகுதான் திரும்புவார்கள். “அப்புறம் இன்னொண்ணு டாக்டர், பெருசா ஒண்ணுமில்ல.” அதற்காகத்தான் வந்திருப்பார்கள். முதல் குளிர்காலத்தில் ஒரு மரம்வெட்டி வெகுநேரம் தன் நாயைப் பற்றிப் பேசிவிட்டு, வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றிக் காட்டினான். இரண்டு கால்விரல் குளிரில் கருத்துப் போயிருந்தது. எஃபுவா அன்றைக்குப் பாடம் படித்தாள். அதிலிருந்து யார் வந்தாலும், பார்த்து முடித்ததும் தானே எழுந்து வாசல்வரை கூடவே போவாள், கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள். பாதி வைத்தியம் அந்த வாசலில்தான் நடந்தது.

ஊர்க்கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. வெளியே பனி உருகி வண்டிகள் அச்சுவரை சேற்றில் நின்றன. பெண்கள் பின்னல் ஊசியோடு உட்கார்ந்துவிட்டார்கள். மேப்பிள் மரத்தில் பாகு காய்ச்சுகிற சாறு இறங்க ஆரம்பித்துவிட்டதால் ஆண்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓட்டுரிமை இல்லாதவர்களுக்கென்று சுவரோரம் போட்ட பெஞ்சில் இரண்டே பேர், எஃபுவாவும் இயந்திரக் கம்பெனியிலிருந்து வந்த பிரெஸ்டன் என்ற இளைஞனும். பிரெஸ்டனின் சேறு அப்பிய வெள்ளை பூட்ஸைப் பார்த்து எல்லாருக்கும் பாவமாக இருந்தது. எஃபுவா தன் கைக்குட்டையை அவனிடம் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். தன் வேலைக்கே உலை வைக்க வந்தவனுக்குக் கைக்குட்டை! ஒடெட் மேடையிலிருந்து பல்லைக் கடித்தாள்.

நாலாவது தீர்மானம் குடிதண்ணீரில் ஃப்ளோரைடு சேர்ப்பதா வேண்டாமா என்பது. பல்லுக்கு நல்லது என்றது ஒரு கட்சி, அரசாங்கம் என் வாய்க்குள் கை விடக் கூடாது என்றது இன்னொரு கட்சி. எல்லாரையும்விட அதிகம் கத்தியவர் வாயில் ஒரு பல்கூட இல்லாத ஒரு பெரியவர். “உங்களுக்கு ஏன்யா இந்தக் கவலை?” என்று யாரோ கேட்டதற்கு, “இது கொள்கைப் பிரச்சினை” என்றார். ஃப்ளோரைடு பிழைத்தது. பெரியவர் தோற்றதை மறந்து அடுத்த தீர்மானத்துக்குத் தயாரானார்.

ஏழாவது வந்தது. எல்வுட் எழுந்தான்.

“தலைவி அவர்களே, நான் யாருக்கும் எதிரி இல்ல. நம்ம ஊருக்கு நம்ம பிள்ளைங்க டாக்டரா வரணும். அது நடக்கலைன்னா மெஷினாவது வரட்டும். வெளியிலேர்ந்து ஆள் கொண்டுவந்து, அவங்க பேப்பருக்கு நாம ஓடி, வாஷிங்டன்ல என்ன சட்டம் மாத்தறாங்கன்னு தினம் காலையில பயந்துட்டு... இது ஒரு பொழப்பா?”

பின்வரிசையில் ஊசியை நிறுத்தாமல் ஒருத்தி சொன்னாள்: “நம்ம பிள்ளைங்கதானே? என் அண்ணன் பையன் பாஸ்டன்ல டாக்டர்தான். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே வரலை. உன் வீட்டுக்கு வந்து முதுகைத் தடவிப் பாக்கப் போறானா?”

சபை சிரித்தது. ஒடெட் சிரிக்காமல் சுத்தியால் தட்டினாள். உள்ளே அவள் கைதட்டிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

டாக்டர் பேசலாமா என்று யாரோ கேட்டார்கள். ஓட்டில்லாதவர் பேசச் சபை அனுமதிக்க வேண்டும், அதுதான் முறை. முதலில் கை தூக்கியது எல்வுட். “பேசட்டுமே. பேசக் கூடாதுன்னு நானா சொன்னேன்?”

எஃபுவா எழுந்தாள். ஊரே எதிர்பார்த்தது ஒரு நீண்ட பேச்சை.

“மெஷினை வாங்குங்க. எனக்குப் பக்கத்துலயே வைங்க. எழுத்து வேலை எல்லாத்தையும் அது பாக்கட்டும், மனுஷங்களை நான் பாத்துக்கறேன். என் பங்குக்கு அவ்வளவுதான். அவரைக்காய் தயாராயிடுச்சு, ஆறிடப் போகுது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அன்றைய பொதுச் சாப்பாட்டுக்குக் கரண்டி பிடித்துப் பரிமாறுகிறவர்களில் அவளும் ஒருத்தி.

இவ்வளவுதானா? மன்றாடினால் என்ன, அழுதால் என்ன? ஒடெட்டுக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகுதான் தோன்றியது, இந்த ஊரில் மன்றாடினால் ஒரு ஓட்டுகூட விழாது. சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டெடுப்பு என்று சொல்லிச் சுத்தியைத் தட்டினாள்.

சாப்பாட்டு நேரத்தில் இயந்திரத்துக்குக் கொண்டாட்டம். மண்டபத்து மூலையில் ஒரு நாற்காலி, ஒரு திரை, கையில் சுற்றிக்கொள்ள ஒரு பட்டை, சுற்றிலும் நீலத் துணி மறைப்பு. மெஷினைப் பார்க்க வரிசை நின்றது. எல்வுட் முதல் ஆளாக உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று துணியை ஒதுக்கிவிடச் சொன்னான்.

“வணக்கம் எல்வுட். இன்று எப்படி இருக்கிறீர்கள்?” என்றது இயந்திரம், தேன் ஒழுகும் குரலில்.

“பரவாயில்ல.”

“எங்காவது வலி இருக்கிறதா?”

“சொல்லிக்கற மாதிரி இல்ல.”

“மூச்சு விடுவதில் சிரமம்?”

“யாருக்குத்தான் இல்ல?”

“இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்” என்றது இயந்திரம். இரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், உப்பைக் குறையுங்கள், மற்றபடி நலம், நன்றி, வணக்கம். திரை இருண்டது. எல்வுட் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். ஊர் கைதட்டியது. பிரெஸ்டன் முகத்தில் வெளிச்சம்.

மேடையோரம் தட்டோடு நின்ற ஒடெட் ஒன்றைக் கவனித்தாள். தூக்கிய கைகளில் இடது கை முழுசாக மேலே போகவில்லை. அவன் மேஜைக்குத் திரும்பினான். எல்வுட் ஸ்டிக்னி ஆப்பிள் பலகாரத்தைத் தொடாமல் வைத்ததை அவள் பார்த்ததே இல்லை, பள்ளிக்கூட நாளிலிருந்தே பார்த்ததில்லை. இன்றைக்குத் தொடவில்லை. முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வேர்வை.

அவரைக்காய்ப் பானைக்குப் பின்னால் எஃபுவா கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவளும் பார்த்திருக்கிறாள். ஆனால் எல்வுடிடம் போகவில்லை. போயிருந்தால் நூறு பேர் முன்னால் “பரவாயில்ல” என்று விரட்டியிருப்பான், பிறகு செத்தாலும் வாய் திறந்திருக்க மாட்டான். அவள் மெதுவாக நடந்து மண்டபத்து வாசலுக்குப் போய், கோட்டை மாட்டிக்கொள்வதுபோல் நின்றாள். ஒடெட்டுக்குப் புரிந்துவிட்டது. தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வா, எல்வுட், எழுந்து வா, ஒரு தடவையாவது யாராவது சொல்லாமல் நல்லதைச் செய், மடையா.

எல்வுட் எழுந்தான். “சாறு எப்படி இறங்குதுன்னு பாத்துட்டு வந்துடறேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தான். எஃபுவா கதவைப் பாதி திறந்து பிடித்தாள்.

“நல்ல வெயில்” என்றாள்.

“ஆமா. சாறுக்கு நல்லது.”

“மாடெல்லாம்?”

“பரவாயில்ல.” கதவுப்பிடியில் கை வைத்தான். வெளியே ஒரு காலும் வைத்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றாள். அவன் திரும்பினான்.

“அப்புறம் இன்னொண்ணு டாக்டர். பெருசா ஒண்ணுமில்ல. காலையிலேர்ந்து நெஞ்சு மேல ஒரு பசு உக்காந்திருக்கு. இடது கை மரத்துப் போச்சு. மெஷின்தான் நல்லாயிருக்கேன்னு சொல்லிடுச்சே...”

“அது சொல்லும். இப்படியே உக்காருங்க” என்று அவனைத் தரையில் சாய்த்து, வாயில் மாத்திரையைத் திணித்து, “கடிச்சு மெல்லுங்க, அப்படியே முழுங்காதீங்க!” என்று அவள் போட்ட அதட்டலில் மண்டபமே எழுந்து நின்றது. ஊர் ஆம்புலன்ஸ் தொண்டர்கள் மூன்று பேரும் அங்கேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாயில் இருந்ததை மென்றுகொண்டே ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள்.

கால் முன்னால் போகும்படி எல்வுடைத் தூக்கிக்கொண்டு போகையில், அவன் வலது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். ஸ்ட்ரெச்சர் நின்றது.

“விடுங்க எல்வுட்!” என்றாள் எஃபுவா.

“ஒரு நிமிஷம்மா. தலைவி அவர்களே!” குரல் கம்மியிருந்தாலும் மண்டபத்துக்கே கேட்டது. “ஏழாவது தீர்மானம்... அதை அப்படியே கைவிட்டுடலாம்னு முன்மொழியறேன். அவசரமில்ல. ஏதோ தோணுச்சு.”

“முன்மொழிஞ்சாச்சு, கையை எடுங்க!” என்று எஃபுவா அவன் விரல்களைப் பிரித்துவிட்டாள். ஆம்புலன்ஸ் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு பறந்தது. எஃபுவா உள்ளே அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் யாரும் உட்காரவில்லை. வழிமொழிகிறேன், வழிமொழிகிறேன் என்று நாலு பக்கமும் குரல். அப்போது ஹொரஸ் பீடி எழுந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர்க்கூட்ட விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர்.

“ஒரு சட்டப் பிரச்சினை, தலைவி அவர்களே. முன்மொழிந்தவர் அந்த நேரத்துல அவைக்குள்ள இருந்தாரா? என் கண்ணால பாத்தேன், அவர் கால் வாசலுக்கு வெளியில இருந்தது. வெளியில இருக்கறவர் முன்மொழிய முடியாது.”

“ஹொரஸ், உட்காருய்யா!” என்று கத்தினார்கள். ஒடெட் சுத்தியால் தட்டினாள். விதி விதிதான். அவரை உட்காரவைத்து அவசரப்பட்டு ஜெயித்தால், நாளைக்கு யாராவது செல்லாது என்று கிளப்புவார்கள். எஃபுவாவின் வாழ்க்கை அப்படி ஒரு ஓட்டை வழியாக ஒழுகிப் போகக் கூடாது. யோசித்தாள்.

“கால் வெளியில இருந்தது உண்மை. தலை எங்க இருந்தது?”

ஹொரஸ் நேர்மையான மனிதர். “தலை உள்ளே.”

“முன்மொழிஞ்சது காலா, தலையா?”

“தலைதான்.”

“அப்ப எல்வுட் ஸ்டிக்னி அவைக்குள்ள இருந்தார்னு தீர்ப்பு. அவர் தலை வேலை செஞ்சது இன்னைக்கு ஒரு நாள்தான், அதையும் செல்லாதுன்னு சொல்ல எனக்கு மனசில்ல” என்று சொல்லிவிட்டு, ஐயோ கருத்துச் சொல்லிவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சபை கூரை அதிரச் சிரித்தது.

ஓட்டு வாய்வழி. “ஆதரிக்கறவங்க?” என்றதும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. “எதிர்க்கறவங்க?” ஒரே ஒரு குரல், ஹொரஸ் பீடியுடையது. கைவிடுவது நல்லதுதான், ஆனால் எதுவும் ஒருமனதாக நிறைவேறக் கூடாது என்பது அவர் கொள்கை. பிரெஸ்டன் பாவம், தன் இயந்திரத்துக்குத் தானே துணியைப் போர்த்தினான். பெண்கள் அவனுக்கு எல்வுட் தொடாத ஆப்பிள் பலகாரத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த மாடலில் ஒரு கதவு வைக்கச் சொல்லிக் கம்பெனியில் பேசுகிறேன் என்று அவன் சொன்னதாகக் கேள்வி.

எல்வுட் பிழைத்துக்கொண்டான். இதயக் குழாயிலிருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் பரவாயில்லை என்றே சொல்கிறான், இதற்கு என்ன அர்த்தம் என்று நர்ஸ்கள் எஃபுவாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்கள். “வலி மருந்து கொடுங்க” என்றாளாம் எஃபுவா.

வியாழக்கிழமை வந்தது. எஃபுவா வழக்கம்போல் வந்தாள், வழக்கம்போல் ஜெயித்தாள். ஒடெட் அன்றைக்கு வாயைத் திறந்தவள் மூடவில்லை. அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை உடைந்து வந்தது. எல்வுடை நடித்துக் காட்டினாள், ஹொரஸை நடித்துக் காட்டினாள், இயந்திரத்தின் தேன்குரலில் “வணக்கம் எஃபுவா” என்றாள். எஃபுவா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “நீ எப்படி இருக்கே?” என்று நடுவில் கேட்டதற்கு மட்டும், “பரவாயில்ல” என்றாள்.

பிறகு எழுந்து, கோப்பையைக் கழுவி வைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு, நாளைக்கு மழை வரும்போலிருக்கு என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே புகுந்தது. கதவுப்பிடியில் கையை வைத்தபடி நின்றாள்.

“ஒடெட், அப்புறம் இன்னொண்ணு. பெருசா ஒண்ணுமில்ல.”

ஒடெட் சீட்டை அடுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“ஜனவரியிலயே பெட்டி கட்டிட்டேன். ரெண்டு பெட்டி. கட்டிலுக்குப் பக்கத்துலயே நிக்குது. தினமும் அதுலேர்ந்துதான் துணி எடுத்துப் போட்டுக்கறேன், துவைச்சு மறுபடி அதுலயே மடிச்சு வைக்கறேன். செவ்வாக்கிழமை ராத்திரி வந்து பிரிக்கலாம்னு உக்காந்தேன். கை வரல. நேத்தும் வரல.” அவள் வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். “இப்ப பிரிச்சிடலாமா ஒடெட்?”

ஊரிலேயே பெரிய வாய்க்காரி சீட்டுக்கட்டைக் கீழே வைத்தாள். ரெண்டு மாசம். ரெண்டு மாசமாகத் தன் எதிரே உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக்கொண்டு, பெட்டிக்குள்ளிருந்து வாழ்ந்திருக்கிறாள். தலைவி பேசக் கூடாது என்று தான் வாயை மூடிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய பாவம் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“பாவி” என்றாள் கடைசியில். “நாலு வருஷத்துல எங்களை மாதிரியே ஆயிட்டியேடீ.”

எழுந்து போய்ப் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். கோட்டை எடுத்தாள். கதவைப் பிடித்திருந்த எஃபுவாவின் கை மேல் தன் கையை வைத்தாள்.

“நட. இப்பவே பிரிக்கறோம். துணியெல்லாம் உன் அலமாரிக்கு. பெட்டி ரெண்டும் என் வீட்டுப் பரணுக்கு. இனிமே அது வேணும்னா, என்கிட்ட வந்து கேக்கணும், தெரிஞ்சுதா? நான் தர மாட்டேன்.”